அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று அப்பாவைக் கேட்டீர்களா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 43. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய அப்பாவுக்கு 71. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டு சுற்று கீமோவுக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. "இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, முடியலன்னா ஹாஸ்பிஸ்ல சேருங்க" என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். (குணமாகாத நோயாளியின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் ஹாஸ்பிஸ்.) அப்பாவிடம் இதுவரை "வயித்துல புண்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், "ஹாஸ்பிஸ்ல தள்ளுனா ஊர் என்ன சொல்லும்? பெரிய ஆஸ்பத்திரி ஐசியுவுல போடு, பணம் நான் அனுப்புறேன்" என்கிறார். வீட்டுப் பத்திரத்தில் அப்பாவின் கைநாட்டை வாங்கிவிடச் சொல்லியும் அவசரப்படுத்துகிறார். மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோய், அப்பா துடிக்கும்போது மட்டும் ஒன்று கொடுக்கிறார் வாசகி. பெரியப்பா ஒருவர் 'தலைக்கு ஊத்திடலாம்' என்று, அதாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உயிரைப் போக்கிவிடலாம் என்று, ஜாடையாகப் பேசியிருக்கிறார். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. கடைசியில் ஒரு வரி: "அப்பா தினமும் காபி கேக்குறார். சுகர் இருக்குன்னு குடுக்கறதில்ல. குடுக்கலாமா?"

காபிக்குக் கடைசியில் வருகிறேன்.

அம்மா, உங்கள் கடிதம் நாலு பக்கம். அண்ணன் சொன்னது, பெரியப்பா சொன்னது, டாக்டர் சொன்னது, மாமியார் சொன்னது எல்லாம் இருக்கின்றன. உங்கள் அப்பா தன் வாயால் சொன்னதாக அதில் இருப்பது காபி கேட்டது மட்டும்தான். நினைவு தெளிவாக இருக்கிறது, பேப்பர் படிக்கிறார், பேரனிடம் பள்ளிக்கூடம் பற்றி விசாரிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஐசியுவா ஹாஸ்பிஸா வீடா என்பதை முடிவு செய்யும் உரிமை சட்டப்படி அவருடையது. மகன் என்பதாலோ பணம் அனுப்புகிறவர் என்பதாலோ உங்கள் அண்ணனுக்கு அது வந்துவிடாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் வராது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமே பெற வேண்டும் என்பதை 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் இன்னும் 'அட்டெண்டர் யாரு, வந்து சைன் போடுங்க' என்று கூப்பிடுவது வழக்கத்தின் பலம்.

சொல்லலாமா, கூடாதா

சொன்னால் மனம் உடைந்து போவார் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் கீமோ வார்டில் இரண்டு சுற்று படுத்து எழுந்தவர் 'வயித்துல புண்' என்பதை நம்பிக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் நோயாளி உங்களுக்காக நடிப்பார், நீங்கள் அவருக்காக நடிப்பீர்கள். ஹாஸ்பிஸில் சேர்த்தால் பக்கத்துக் கட்டில்காரர் முதல் நாள் சாயங்காலமே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவார். அதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல்.

எடுத்த எடுப்பில் 'கேன்சர்' என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கேளுங்கள்: "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்கப்பா?" பதில் வரும்வரை பேசாமல் இருங்கள், அந்த ஒரு நிமிஷ மௌனம் கஷ்டமாகத்தான் இருக்கும். அடுத்து: "டாக்டர் சில விவரம் சொல்லியிருக்காங்க. தெரிஞ்சுக்கணுமா?" ஆமாம் என்றால், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள், அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "வேணாம்மா, நீயே பாத்துக்க" என்றால் அதுவும் அவர் உரிமை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதையும், முடிவை இன்னொருவரிடம் ஒப்படைப்பதையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் சொன்னால் டாக்டர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்ல வைத்து, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் அண்ணன் 'உன்னை யார் முடிவு பண்ணச் சொன்னா' என்று கேட்டால் அந்த ஒரு வரி பதில் சொல்லும்.

ஹாஸ்பிஸ் என்றால் என்ன, என்ன இல்லை

'செய்ய ஒண்ணுமில்ல' என்பது மருத்துவர்களான நாங்கள் கைவிட வேண்டிய வாக்கியம். நோயைக் குணப்படுத்தும் வழி முடிந்திருக்கலாம். வலி, வாந்தி, மஞ்சள் காமாலையால் வரும் அரிப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், படுக்கைப்புண் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் செய்யும் இடம்தான் ஹாஸ்பிஸ். இந்தியாவில் 1986-ல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தொடங்கியபோது வந்த ஏற்பாடு இது. பெரும்பாலானவை அறக்கட்டளைகள் நடத்துபவை. பலவற்றில் கட்டணம் கிடையாது. வென்டிலேட்டர், டயாலிசிஸ் போன்றவற்றை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஒருமுறை சேர்த்தால் திரும்ப வர முடியாது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. வலி கட்டுக்குள் வந்ததும் வீட்டுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் மறுபடி சேர்த்துக்கொள்வது பல இடங்களில் நடைமுறை. எந்த நாளும் வெளியே வரும் உரிமை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனம், பில் தகராறுக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். கூட ஒருவர் தங்க வேண்டுமா, ராத்திரி நர்ஸ் இருப்பாரா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், மார்ஃபின் அங்கேயே இருக்கிறதா, திடீரென ரத்தக்கசிவு வந்தால் என்ன செய்வார்கள், பேரன் வந்து பார்க்கலாமா, கடைசி நேரத்தில் உங்கள் வழக்கப்படி செய்ய இடம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கேள்விக்கு எரிச்சல்படுகிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் முழுமையான வழிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நகர முடியாத நோயாளிக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை (வலியையும் தொல்லைகளையும் தணிக்கும் சிகிச்சை) தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிடுங்கள். வழி தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஐசியு வேண்டாம் என்று சொன்னதும் சில இடங்களில் 'டாக்டர் சொல்லை மீறிக் கூட்டிப் போகிறோம்' என்ற தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னது அவர்கள்தானே! முறையான டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். நோயின் நிலை, ஸ்கேன் முடிவு, இப்போதைய மருந்துகள், வலிக்கான சீட்டு நான்கும் அதில் இருக்க வேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஸ்பிஸில் முதலில் கேட்பது அதைத்தான். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நெறிமுறை விதி.

மார்ஃபின்: நீங்கள் கொடுக்கும் விதம் தவறு

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தப் பகுதிதான். வாய்வழி மார்ஃபின் சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். துடித்த பிறகு கொடுத்தால், அது பிடிக்க அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் வலி உச்சத்துக்கு ஏறிவிடும். ஏறிய வலியை இறக்க அதிக மருந்து வேண்டும். வலி வரும் முன்பே, கடிகாரம் பார்த்துக் கொடுப்பதுதான் முறை: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க, 10 மணி வேளைக்கு இரட்டை அளவு எழுதுவது வழக்கம். சீட்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதியவர்களுக்கு ஒரு வேளைக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்கி, டாக்டர்தான் ஏற்றுவார். நீங்களாக ஏற்றவோ குறைக்கவோ வேண்டாம். இடையில் வலி கிழித்துக்கொண்டு வந்தால் கொடுக்க வேண்டிய கூடுதல் மாத்திரை ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. அதைச் சீட்டில் தனியாக எழுதி வாங்குங்கள்.

வலிக்காக, அளவோடு, படிப்படியாக ஏற்றித் தரும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. போதைக்கு அடிமையாக்குவதும் அரிது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு அடங்கும். அடங்காதது மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சீட்டில் பிசாகோடில் போல ஒன்று இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் வெளியே போகாமல் வயிறு உப்பி 'மார்ஃபின் ஒத்துக்கல' என்று நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். எழுப்பினால் விழிக்காத மயக்கம், மூச்சு மிக மெதுவாவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாத உருவங்கள் தெரிவது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கும். அளவை மாற்றியாக வேண்டும்.

கணையப் புற்றில் வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலிக்கு, செலியாக் பிளெக்சஸ் பிளாக் என்ற நரம்புத் தடுப்பு ஊசியும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே வலி சிகிச்சை மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இங்கே உங்கள் பொறுப்பும் இருக்கிறது. முன்பு மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல துறைகளில் லைசென்ஸ் வாங்க அலைய வேண்டியிருந்தது. போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே ஒப்புதலில் வைத்திருக்கலாம்; ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு உண்டு. ஆகவே பூட்டி வையுங்கள், பேரன் கைக்கு எட்டக் கூடாது. கொடுத்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். எதிர்வீட்டுப் பாட்டியின் மூட்டுவலிக்கு இரக்கப்பட்டு ஒன்று கொடுத்துவிடாதீர்கள். மீந்ததை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

அண்ணனும் ஐசியுவும்

அண்ணனை வில்லனாக்க வேண்டாம். தூரத்தில் இருப்பவருக்குக் குற்ற உணர்ச்சி அதிகம்; கையில் இருப்பது பணம்தான் என்பதால் அதை நீட்டுகிறார். டாக்டரிடம் நேரம் வாங்கி, வீடியோ காலில் அவரையும் வைத்துக்கொண்டு, "ஐசியுவில் வைத்தால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். பரவிவிட்ட கணையப் புற்றில் வென்டிலேட்டர் நோயைத் தொடாது. தொண்டையில் குழாய் இருந்தால் கடைசிப் பேச்சும் நின்றுவிடும்.

அப்பா விரும்பினால் இப்போதே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதலாம். 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி இதை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் மேலொப்பம் கேட்டதால் நடைமுறையில் யாரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள்: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். எந்தச் சிகிச்சை வேண்டாம், தனக்கு நினைவு போன பிறகு யார் பேச வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரையும் போடலாம். உங்கள் பெயரும் அண்ணன் பெயரும் சேர்ந்தே இருந்தால் பாதிச் சண்டை குறையும். நினைவு தெளிவாக இருக்கும்வரை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நினைவிழந்த நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை நிறுத்த, இந்த ஆவணம் இருந்தாலும் மருத்துவமனையில் இரண்டு குழுக்கள் ஒப்ப வேண்டும். முதல் குழுவில் சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். இரண்டாவதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. முடிவைச் செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். ஐசியுவுக்குள் போகும் முன் ஒருமுறை யோசிக்கச் சொல்வது இதனால்தான். உள்ளே போவது ஒரு கையெழுத்து வேலை.

பெரியப்பா சொன்னதைப் பற்றி இரண்டே வரி. தலைக்கு ஊற்றுவது கொலை. செய்தவரும் உடனிருந்து உதவியவரும் குற்றவாளிகள். அப்பா துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர் பேசியிருந்தால், வலி அடங்கியதும் அந்தப் பேச்சும் அடங்கும். அடங்காவிட்டால் அவரை அப்பாவோடு தனியாக விடாதீர்கள்.

கைநாட்டு

மருந்து மயக்கத்தில் இருப்பவரின் விரலைப் பிடித்து மையில் தோய்த்து வாங்கும் கைநாட்டு பின்னால் கோர்ட்டில் நிற்பது கடினம். அண்ணனுக்கே அது ஆபத்து. அப்பாவே விரும்பினால் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. பங்கு பெறாதவர்கள் சாட்சியாக இருப்பதும், 'சிந்தனைத் தெளிவோடு இருக்கிறார்' என்று டாக்டரிடம் அன்றைய தேதியில் சான்று வாங்குவதும் பின்னாளில் வம்பைக் குறைக்கும். பத்திரப் பதிவுதான் வேண்டுமென்றால், உடல்நிலை காரணம் காட்டி மனு கொடுத்தால் சார்பதிவாளர் படுக்கைக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. பவர் பத்திரம் அவர் உயிரோடும் புத்தித் தெளிவோடும் இருக்கும்வரைதான் செல்லும். பென்ஷன் பணம் எடுக்க அவரைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டாம். மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஹாஸ்பிஸ் நர்ஸைச் சொத்துப் பத்திரத்துக்குச் சாட்சி கேட்டு சங்கடப்படுத்தாதீர்கள்.

கடைசி நாட்களில்

சாப்பாடு குறையும். பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று அம்மாவுக்குத் தோன்றும். உடம்பு அடங்கத் தொடங்குவதால்தான் பசி போகிறது. திணித்தால் புரையேறும், டிரிப்ஸ் ஏற்றினால் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஈரத் துணியால் உதட்டைத் துடைப்பது, வாயைச் சுத்தமாக வைப்பது, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது போதும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கேட்கிற நமக்கு இருக்கும் வேதனை அவருக்கு இருப்பதில்லை. பால் ஊற்றும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் டம்ளரால் ஊற்றாமல் விரலால் உதட்டில் நனையுங்கள்.

நோயால் எதிர்பார்த்து நடந்த மரணத்துக்கு போலீஸோ பிரேதப் பரிசோதனையோ தேவையில்லை. ஹாஸ்பிஸில் நடந்தால் அவர்களே பதிவுக்குத் தகவல் அனுப்புவார்கள். வீட்டில் நடந்தால், கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் படிவம் 4ஏ-யில் மரணக் காரணச் சான்று வாங்குங்கள். அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமம் என்றால் விஏஓ அலுவலகத்தில். வீட்டில் வைத்துப் பார்ப்பதாக முடிவானால், அப்படியொரு நேரம் வந்தால் சான்று தருவீர்களா என்று உள்ளூர் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நள்ளிரவில் தேடினால் கிடைக்காது.

இனி காபி. கொடுங்கள். இன்றைக்கே. இந்த நிலையில் பத்து வருஷம் கழித்து வரும் சர்க்கரைக் கோளாறுக்குப் பத்தியம் தேவையில்லை. சொல்லப்போனால் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது: சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவிலேயே கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போட்டால் சர்க்கரை விழுந்து மயங்கிவிடுவார். அந்த மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். காபியைக் கொஞ்சம் ஆற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். குடித்த பிறகு அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். அந்த அரைமணி நேரத்தில், முதலில் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்கலாம்.